பழைய சைக்கிளுக்குப் புதுச் சட்டை!

உங்க ஹாஸ்டல் சைக்கிள் ஸ்டாண்டோட கடைசி மூலையை ஒரு தடவை எட்டிப் பாருங்க. படிப்பு முடிச்சுக் கிளம்பின சீனியர் யாரோ விட்டுட்டுப் போன 'கியர் வண்டி' ஒண்ணு தூசு மண்டிக் கிடக்கும். டயர்ல காத்து இருக்காது. ஃப்ரேம்ல பாதி பெயின்ட், பாதி துரு! பழைய இரும்புக் கடையில போட்டா டீ, பஜ்ஜி செலவுக்குத்தான் வரும். ஆனா, ரெண்டு வாரம் மெனக்கெட்டா, 'எங்கே வாங்கினே மச்சி?'னு நாலு பேர் கேக்கற மாதிரி மாத்திடலாம். (சீனியருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் பாஸ்!)

மவுன்டன் பைக் பிறந்த கதையே ஒரு 'பழசு' சமாசாரம்தான். 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மாரின் கவுன்ட்டி பசங்க சிலர் 1930, 40-களில் வந்த பருத்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடிச்சாங்க. மட்கார்டு முதல் தேவையில்லாததை எல்லாம் கழட்டிட்டு மலைச்சரிவுல இறங்கினாங்க. 1976-ல் அவங்க ஆரம்பிச்ச பந்தயத்துக்குப் பேரு 'ரீபேக்'. இறங்கற வேகத்துல பின் பிரேக்குக்குள்ள இருக்கற கிரீஸ் புகையாப் போயிடும். மறுபடி புதுசா கிரீஸ் அடைக்கணும். அதனாலதான் அந்தப் பேரு!

சரி, விஷயத்துக்கு வருவோம். பெயின்ட்டை அழகுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. இரும்பு ஃப்ரேமுக்கு அதுதான் ரெயின்கோட். பழைய பெயின்ட்டைத் தேய்ச்சு எடுக்கற அந்த நேரம்தான், ஃப்ரேம் நம்மைத் தாங்குமா தாங்காதான்னு தெரிஞ்சுக்கக் கிடைக்கற ஒரே சான்ஸ்.

கழட்டும்போதே கவனம்!

முதல்ல ஒரு காந்தம் எடுத்து ஒட்டிப் பாருங்க. ஒட்டினா ஸ்டீல். ஒட்டலைன்னா பெரும்பாலும் அலுமினியம். கார்பன் ஃபைபர்னா பெயின்ட் ரிமூவர் பக்கமே போகாதீங்க. அது பெயின்ட்டோட சேர்த்து ஃப்ரேமைப் பிடிச்சு வெச்சிருக்கற ரெஸினையும் பதம் பார்த்துடும்.

அடுத்து, ஒவ்வொரு பாகத்தையும் கழட்டறதுக்கு முன்னாடி செல்போன்ல ஒரு 'க்ளிக்'. நட்டு, போல்ட்டை எல்லாம் பழைய இட்லித் தட்டுல குழிக்கு ஒரு செட்னு போட்டு வைங்க. இடது பெடலுக்கு இடது மரை. அதாவது, கடிகாரம் சுத்தற பக்கம் திருப்பினாத்தான் கழலும்! பல மவுன்டன் பைக்குகளில் பாட்டம் பிராக்கெட்டோட வலது பக்கக் கப்பும் இதே மாதிரிதான். மிதிக்க மிதிக்கத் தானா கழண்டுடக் கூடாதுங்கறதுக்காக அப்படி ஏற்பாடு. இந்த மரைக்கு 'பி.எஸ்.ஏ. த்ரெட்'னு பேரு. 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்'ங்கற இங்கிலாந்துத் துப்பாக்கி கம்பெனியோட சுருக்கம்தான் பி.எஸ்.ஏ!

ஃப்ரேமோட அடிவயித்துல ஒரு நம்பர் குத்தியிருக்கும். தேய்க்கறதுக்கு முன்னாடி அதை எழுதி வெச்சுக்குங்க. வண்டி காணாமப் போனா, போலீஸ்ல புகார் கொடுக்க அந்த நம்பர்தான் ஆதாரம்.

தேய்ங்க... ஆனா, தண்ணி ஊத்தித் தேய்ங்க!

பழைய பெயின்ட் கெட்டியா ஒட்டியிருக்கற இடத்துல முழுசா சுரண்டத் தேவையில்லை. 320 அல்லது 400 நம்பர் வாட்டர் பேப்பரால பளபளப்பு போற வரைக்கும் தேய்ச்சாப் போதும். துரு பிடிச்ச இடத்துல மட்டும் 120-ல் ஆரம்பிச்சு, வெறும் உலோகம் தெரியற வரைக்கும் போகணும்.

இங்கேதான் ஒரு முக்கியமான மேட்டர். பழைய பெயின்ட்டுல ஈயம் இருக்கலாம். அதுவும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ரகங்களில் ஈயம் கலந்த நிறமிகளை நிறையவே பயன்படுத்தினாங்க. வீட்டுக்கு அடிக்கற பெயின்ட்டுல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அந்த விதியும் வீட்டு, அலங்கார பெயின்ட்டுகளுக்குத்தான். ஃபேக்டரியில சைக்கிளுக்கு அடிக்கற பெயின்ட்டுக்கு இல்லை. ஈயத்தூள் குழந்தைகளோட மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அதனால காய்ஞ்ச தேய்ப்பு வேண்டாம். தண்ணி தொட்டுத் தொட்டுத் தேய்ச்சா தூசு பறக்காது. மாஸ்க் கட்டாயம். தம்பி, தங்கச்சி விளையாடற இடத்துலயும் சமையல்கட்டுப் பக்கத்துலயும் இந்த வேலை கூடவே கூடாது. தேய்ச்ச சேறை பழைய பேப்பர்ல வழிச்சுக் கட்டிப் போட்டுட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க.

பெயின்ட் ரிமூவர்? மெத்திலீன் குளோரைடு கலந்த ரகம் மூடின அறையில உயிருக்கே ஆபத்து. பொதுமக்களுக்கு அதை விக்கறதை அமெரிக்கா 2019-லயே தடை பண்ணிடுச்சு. கைவலிச்சாலும் வாட்டர் பேப்பர்தான் பெஸ்ட்!

மயிரிழை விரிசல்... உஷார்!

தேய்ச்சு முடிச்சதும் நல்ல வெளிச்சத்துல ஒவ்வொரு வெல்டிங்கையும் பாருங்க. ஹேண்டில் பாருக்குக் கீழே குழாய்கள் சேர்ற இடம், பாட்டம் பிராக்கெட்டைச் சுத்தி, சீட் குழாயோட மேல் விளிம்பு - இந்த மூணும் கண்டிப்பா!

எங்க டிபார்ட்மென்ட் ஜூனியர் ஒருத்தன், கலர் மாத்தின கையோட 70 கொண்டை ஊசி வளைவு இருக்கற கொல்லிமலையில வண்டியை இறக்கறதா பிளான் போட்டிருந்தான். ஹேண்டில் பாருக்குக் கீழே ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரிச்சா, உள்ளே வெல்டிங் ஓரமா ஒரு மயிரிழை விரிசல், அதுல துருக்கோடு! பெயின்ட்டுக்கு மேலேயே பெயின்ட் அடிச்சிருந்தா, யாருக்கும் தெரியாமலே அவன் மலை ஏறியிருப்பான். நினைச்சாலே பகீர்ங்குது.

விரிசல் தெரிஞ்சா வேலையை அங்கேயே நிறுத்துங்க. ஸ்டீல்னா விஷயம் தெரிஞ்ச வெல்டர்கிட்ட கேக்கலாம். அலுமினியம்னா தெருமுனை வெல்டிங் வேண்டவே வேண்டாம். வெல்டிங் சூட்டுல அந்த இடம் பலம் இழந்துடும். திரும்பவும் ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணாத்தான் பழைய பலம் வரும். நம்ம மெட்டலர்ஜி பேப்பர் இதுக்காகவாவது உதவுதே!

ஸ்ப்ரே எப்படி அடிக்கறது?

ஃப்ரேமைத் தின்னர் தொட்ட துணியால துடைங்க. மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப்பசை தங்கிடும், பெயின்ட் ஒட்டாது. மரைகள், பால் ரேஸ் உட்கார்ற இடம், சீட் குழாயோட உள்பக்கம் எல்லாத்தையும் மாஸ்கிங் டேப், பேப்பர் சுருள் வெச்சு அடைச்சுடுங்க.

ஸ்டீலுக்கு மெட்டல் ப்ரைமர். அலுமினியத்துக்கு 'எட்ச் ப்ரைமர்'னு கேட்டு வாங்குங்க. சாதா ப்ரைமர் கொஞ்ச நாள்லயே உரிஞ்சு வந்துடும். ஒரு ஃப்ரேமுக்கு 400 மில்லி டப்பா கணக்குல ப்ரைமர் ஒண்ணு, கலர் ரெண்டு, க்ளியர் கோட் ஒண்ணுன்னு வெச்சுக்கலாம்.

ஃப்ரேமை நிழல்ல, காத்தோட்டமான இடத்துல கயித்துல தொங்க விடுங்க. டப்பாவை ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்குங்க. 20 - 25 சென்டிமீட்டர் தள்ளி நின்னு, ஃப்ரேமுக்கு வெளியே ஸ்ப்ரேயை ஆரம்பிச்சு, வெளியேயே முடிங்க. முதல் கோட்டுல பழைய கலர் லேசா தெரியணும். ஒரே அடியில மூடப் பார்த்தா, பெயின்ட் கண்ணீரா வழியும்! பத்து, பதினஞ்சு நிமிஷ இடைவெளியில மூணு, நாலு மெல்லிய கோட்டிங் போதும். டப்பாவுல வேற கணக்கு போட்டிருந்தா, அதையே ஃபாலோ பண்ணுங்க. ஸ்டிக்கர் ஒட்டறதா இருந்தா க்ளியர் கோட்டுக்கு முன்னாடியே ஒட்டிடுங்க.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில இந்த வேலை வேண்டாம். காத்துல ஈரம் அதிகமா இருந்தா, பெயின்ட் மேல வெள்ளையா புகை படிஞ்ச மாதிரி ஆயிடும்.

இதுக்கெல்லாம் 'நோ' பெயின்ட்!

* பிரேக் கட்டை பிடிக்கற ரிம் ஓரம், டிஸ்க் பிரேக்கோட தட்டு - இதுங்க மேல ஸ்ப்ரே பட்டா, பிரேக் பிடிக்காது.
* சஸ்பென்ஷன் ஃபோர்க்கோட பளபள குழாய் - உள்ளே இருக்கற சீல் கெட்டுடும்.
* செயின், பால்ஸ், கோன் - இதுங்களுக்குக் கிரீஸும் எண்ணெயும்தான்.
* ஹார்டனர் கலக்கற '2கே' க்ளியர் கோட்டை வீட்டுல தொடாதீங்க. அதுல இருக்கற ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

பொறுத்தார் வண்டி ஆள்வார்!

ஒரு மணி நேரத்துல தொட்டா ஒட்டாதுதான். ஆனா, உள்ளே முழுசா இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுக்குள்ள அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டா, பெயின்ட் பத்தையா பெயர்ந்து வந்துடும். பொறுமை இல்லாதவங்க தொழிற்பேட்டைப் பக்கம் பவுடர் கோட்டிங் பட்டறையைத் தேடிப் போகலாம். மின்னூட்டம் ஏத்தின பவுடரைத் தூவி, 200 டிகிரி செல்சியஸை ஒட்டின சூட்டுல அடுப்புல வேக வெப்பாங்க. வீட்டு ஸ்ப்ரேயை விட நல்லாவே உழைக்கும். அங்கேயும் விரிசல் செக்கிங் நம்ம பொறுப்புதான்!

திரும்ப மாட்டும்போது மரைகளில் கிரீஸ் தடவுங்க. ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்துட்டு, காலேஜ் கிரவுண்டுல மெதுவா நாலு ரவுண்டு போங்க. அப்புறமா ரோட்டுக்கு வரலாம். கலர் உங்க இஷ்டம் பாஸ்... மயில் பச்சையோ, மிளகாய்ச் சிவப்போ, ஜமாய்ங்க! ஆனா ப்ரைமர் டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு வெல்டிங்கையும் இன்னொரு தடவை விரலால தடவிப் பார்த்துடுங்க!