தெருவோரம் விளையாடும் பிள்ளைகள்

வீட்டில் ஒருவர் நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்துவிட்டால், அவ்வீட்டின் அன்றாட ஒழுங்கு முழுவதும் மாறிவிடுகிறது. தாய் இங்கே கட்டிலருகில் இருப்பார். தந்தை மருந்துக்கும் பணத்துக்குமாக அலைவார். பிள்ளைகளோ பாட்டியின் பொறுப்பிலோ அண்டை வீட்டாரின் பொறுப்பிலோ இருப்பார்கள். மாலையானதும் தெருவில் இறங்கி விளையாடுவார்கள். விளையாடத்தான் வேண்டும், திடல் இல்லாத ஊர்களில் தெருவே திடல். ஆனால், அவர்களைக் கவனிக்கும் கண்கள் குறைந்துள்ள காலம் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளோரின் இறப்புக்கு முதற்காரணம் சாலை விபத்தே என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். "பார்த்து விளையாடு" என்று சொல்லியனுப்பினால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். பார்க்கத் தெரிந்தால்தானே பார்ப்பதற்கு! ஏழெட்டு வயதுப் பிள்ளையின் கண்ணுயரம் ஒரு மீட்டரைச் சற்றே மிஞ்சும். நிறுத்திவைத்த காருக்குப் பின்னிருந்து அது சாலையைக் காணாது; ஓட்டுநரும் அதனைக் காணமாட்டார். எதிரே வரும் வண்டியின் வேகத்தைச் சரியாக மதிப்பிடும் திறனும் அவ்வயதில் முதிர்ந்திருப்பதில்லை.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 8 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். ஆகவே, உலர்ந்த சாலையிலும் அது நிற்க 13 மீட்டர் தேவை. வேகம் 50 ஆனால் அத்தொலைவு இரு மடங்காகிறது. பந்தைத் துரத்தும் பிள்ளையோ இரண்டே தாவலில் நடுச்சாலையில் இருக்கும்.

எனவே, பிள்ளையைத் திருத்துவதைவிட இடத்தைத் திருத்துவது எளிது. மட்டைபிடிப்பவர் பெருஞ்சாலைப் பக்கம் பந்தை அடிக்காதவாறு ஸ்டம்பின் திசையை மாற்றுங்கள். தாண்டக்கூடாத எல்லையைச் சுண்ணாம்புக்கட்டியால் கோடிட்டுக் காட்டுங்கள். "பந்து போனால் போகட்டும், நின்று பெரியவரைக் கூப்பிடு" என்பதை வாயால் சொன்னால் போதாது. நாமே பந்தை உருட்டிவிட்டு, கோட்டருகில் நிற்கும் பழக்கம் வரும்வரை பலமுறை செய்து பார்க்க வேண்டும். பின்னோக்கி வரும் தண்ணீர் லாரியும் ஓசையின்றி வரும் மின்சார ஸ்கூட்டரும் தனிக் கவனத்துக்குரியவை. மார்கழி விடியலில் கோலமிடும் தாயருகே குந்தியிருக்கும் குழந்தையும் அப்படியே; அரையிருளில் அது எவர் கண்ணிலும் படாது.

எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் எவரும் பார்க்கவில்லை என்றே பொருள். இந்த வேளைக்கு இவர் என்று ஒருவரைக் குறித்துவிடுங்கள். அவர் கையில் கைப்பேசி வேண்டாம். முழங்கால் வலியுள்ள தாத்தாவால் ஓடிப் பிடிக்க முடியாது. ஆகவே அவருடைய நாற்காலியைத் திண்ணையில் போடாமல், பிள்ளைகளுக்கும் வண்டிகள் வரும் பக்கத்துக்கும் இடையே, தெருவின் ஓரமாகப் போடுங்கள்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. மாவுக்கட்டுடன் விரைந்து விலக இயலாது. சளி மருந்துகள் சில உறக்கம் தரும். கண் பரிசோதனைக்கு விட்ட சொட்டுமருந்தால் பார்வை சில மணி நேரம் மங்கியிருக்கும். எப்போது தெருவில் விளையாடலாம் என்பதை வார்டிலிருந்து புறப்படுமுன் செவிலியரிடம் கேட்டறியுங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால், பதற்றத்தில் பிள்ளையை அள்ளித் தோளில் போடாதீர்கள், கழுத்தெலும்பு முறிந்திருக்கக்கூடும். வண்டிகளை நிறுத்தச் செய்து 108-ஐ அழையுங்கள். குருதி வழியும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம். உதவிக்கு வருவோரை 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் காக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நேரும் சாலை விபத்துக்கு, 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும்.

தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பவியலா உறக்கம், வலிப்பு, குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் இரவென்று பாராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். அடிபட்ட நேரத்தை ஒரு தாளில் குறித்து எடுத்துவாருங்கள். மருத்துவர் கேட்கும் முதற்கேள்விகளுள் அதுவும் ஒன்று.