பிழைக்குறியும் வாகனத்தின் செயற்றிறனும்

மோட்டார் வாகனக் கணினி காட்டும் பிழைக்குறியே இயந்திரத்தின் வலுவைக் குறைக்கின்றது எனக் கருதுவோர் உளர். குறி ஒரு பதிவு மட்டுமே. வலுவைக் குறைப்பவை அதன் பின்னுள்ள பழுதும், அப்பழுதுக்குக் கணினி ஆற்றும் எதிர்வினையுமாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் கட்டாயமாக்கப்பட்ட பொதுக் குறிமுறையிலிருந்து பி0171 என்பதனை எடுத்துக்கொள்வோம். எரிகலவையில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்துள்ளது என்பதே அதன் பொருள். புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் உணரி இதனை அறிவிக்க, கணினி எரிபொருளைக் கூட்டி ஈடுசெய்கின்றது. ஆதலின் தொடக்கத்தில் சாரதி குறையெதனையும் உணராதிருக்கலாம். ஈடுசெய்யும் எல்லை கடந்ததும் குறி பதிவாகின்றது. கலவை மேலும் மெலியின் வாகனம் வேகமெடுக்கத் தயங்கும். வேறு சில பழுதுகளின்போது, முடுக்கி மிதியின் சைகை நம்பத்தகாததாகும் வேளை போல, இயந்திரத்தின் வலுவைக் கணினி தானே மட்டுப்படுத்துவதும் உண்டு.

பி0171இன் காரணம் காற்றுக்குழாயில் ஏற்பட்ட வெடிப்பாகலாம். எரிபொருட் பம்பியின் நலிவாகலாம். காற்றோட்ட உணரியிற் படிந்த அழுக்குமாகலாம். இவற்றைச் சோதியாது, உண்மையை அறிவித்த ஒட்சிசன் உணரியையே மாற்றுவோமாயின் பணம் விரயமாகும், பழுதோ எஞ்சியிருக்கும். குறியை அழித்துவிடுவதாலும் பயனில்லை. பழுது தொடரின் அது மீண்டும் தோன்றும். எனவே பிழைக்குறி ஆய்வின் தொடக்கமேயன்றி அதன் முடிபன்று.