அணிலையும் காப்பாற்றுகிறவன்

மெட்ரோபாலிஸ் நகரத்தின் நடுவே ஒரு ராட்சத மிருகம் கட்டடங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கிறது. மக்கள் சிதறி ஓடுகிறார்கள். சூப்பர்மேன் அதோடு மல்லுக்கட்டுகிறான். அந்த அமளிக்கு நடுவே சட்டென்று கீழே பாய்ந்து, நசுங்கப்போகும் ஓர் அணிலை வாரி எடுத்துப் பத்திரமாக விட்டுவிட்டு, மறுபடி சண்டைக்குப் போகிறான்.

2025 ஜூலை 11 அன்று வெளியான ‘சூப்பர்மேன்’ படத்தில் இது சில நொடிக் காட்சிதான். முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று இயக்குநர் ஜேம்ஸ் கன் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவர் அதைப் படத்தில் வைத்திருந்தார். சூப்பர்மேனோடு வளர்ந்த ரசிகர்களைக் கேட்டால், படம் ஜெயித்தது அந்த இடத்தில்தான் என்பார்கள்.

இந்தப் படம் ஒரு ரீபூட். ரீபூட் என்றால் முந்தைய கதையின் தொடர்ச்சி அல்ல. பழைய கணக்கை மூடிவிட்டு, வேறு நடிகர், வேறு இயக்குநர், வேறு உலகம் என்று புதுக்கணக்கு எழுதுவது. முதல்முறையாகப் பார்ப்பவருக்கு அது இன்னொரு படம், அவ்வளவுதான். வாழ்நாள் ரசிகருக்கோ, நெடுநாள் பழகிய ஒருவர் வேறு முகத்தோடு வாசலில் வந்து நிற்பது மாதிரி. உள்ளே விடுவதற்கு முன், இவர் அவர்தானா என்று பார்க்கத்தான் செய்வார்.

1978-ல் ரிச்சர்ட் டோனரின் சூப்பர்மேன் படம் வந்தபோது பத்து வயதாக இருந்தவருக்கு 2025-ல் வயது 57. அந்தத் தலைமுறைக்கு அளவுகோல், அதில் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ். அவர் பறந்ததை எல்லோரும் பேசுவார்கள். ரசிகர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது வேறொரு காட்சியை. காதலி லோயிஸ் லேன் வீட்டு வரவேற்பறையில், சாதாரண மனிதனாக வேடமிட்ட சூப்பர்மேனான கிளார்க் கென்ட் காத்திருக்கிறான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறான். கூனிய முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் கனக்கிறது. கண்ணெதிரே சூப்பர்மேன் நிற்கிறான். அடுத்த கணம் தயங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழையபடி கூனிவிடுகிறான். தந்திரக் காட்சி எதுவும் கிடையாது, எல்லாம் ஒரு நடிகரின் முதுகெலும்பு செய்த வேலை.

இந்த நாயகனைப் படைத்தவர்கள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரே பள்ளியில் படித்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள். குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் 1938-ல் சூப்பர்மேன் அறிமுகமானான். உரிமைக்காக அவர்களுக்குக் கிடைத்தது 130 டாலர். 1975-ல்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் படைப்பாளர் என்ற பெயரும் திரும்பக் கிடைத்தன. அந்தக் கிளீவ்லாந்தின் தெருக்களில்தான் புதிய படத்தின் மெட்ரோபாலிஸ் காட்சிகள் பல படமாயின.

1978-க்கும் 2025-க்கும் இடையில் வந்த படங்களில் 2013-ன் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ ரசிகர்களை இரண்டாகப் பிளந்தது. அதில் சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவிலின் தோற்றத்தில் குறையே இல்லை. ஆனால் உச்சக்கட்டத்தில் நகரம் பாதி தரைமட்டமாகிறது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வழியின்றி, சூப்பர்மேன் வில்லன் ஸாடின் கழுத்தை முறிக்கிறான். அந்த ஓலத்தில் அவனுடைய வேதனை தெரிகிறது என்றனர் சிலர். சூப்பர்மேன் எப்படியாவது மூன்றாவது வழி கண்டுபிடித்திருப்பான் என்றனர் மற்றவர்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அணில் ஏன் இவ்வளவு முக்கியமானது என்பது இங்கிருந்து பார்த்தால் புரியும்.

புதிய சூப்பர்மேன் டேவிட் கோரன்ஸ்வெட். ரீவ் படித்த ஜூலியார்டு கலைப்பள்ளியில் படித்தவர். படம் தொடங்கும்போதே சூப்பர்மேன் தோற்றுப்போய், அடிபட்டுப் பனியில் வந்து விழுகிறான். விசில் அடித்துக் கூப்பிட, கிரிப்டோ என்ற நாய் வந்து துள்ளிக் குதித்து அவனை இன்னும் வதைக்கிறது. 1955 முதல் காமிக்ஸில் இருக்கும் நாய்தான். அதன் அடங்காத குணம் மட்டும் இயக்குநரின் வளர்ப்பு நாய் ஓஸுவிடமிருந்து வந்தது.

பேன்ட்டுக்கு மேல் போட்ட சிவப்பு ஜட்டியும் திரும்பிவிட்டது. காமிக்ஸிலேயே 2011-ல் அதைத் தூக்கிவிட்டு, 2018-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தப் படத்தில் அது வேண்டுமா என்று கன் நெடுநாள் யோசித்திருக்கிறார். கண்ணிலிருந்து கதிர் பாயும் வேற்றுக்கிரகத்து ஆள், குழந்தைகள் தன்னைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்று நினைப்பான் அல்லவா என்று கோரன்ஸ்வெட் சொன்ன பிறகுதான் முடிவானதாம். பாத்திரத்தைப் புரிந்துகொண்ட நடிகர் சொல்லக்கூடிய வார்த்தை அது.

கிளார்க்கும் லோயிஸும் (ரேச்சல் பிராஸ்னஹன்) தனியாக இருக்கும்போது, அவள் ஒலிப்பதிவுக் கருவியைத் தட்டிவிட்டு, காதலனையே சூப்பர்மேனாகப் பேட்டி காண்கிறாள். இரு நாட்டுப் போரில் யாரைக் கேட்டுத் தலையிட்டாய் என்று குடைகிறாள். அவன் பொறுமையிழந்து, மக்கள் சாகப்போகிறார்களே என்று வெடிக்கிறான். பேச்சை மட்டும் நம்பி இவ்வளவு நீளமாக ஒரு காட்சி வைக்க இந்த வகைப் படங்களுக்குத் துணிச்சல் வேண்டும்.

குறையும் உண்டு. மிஸ்டர் டெரிஃபிக், கிரீன் லான்டர்ன், ஹாக்கேர்ள் என்று கூட்டம் அதிகம். அதைவிடப் பெரிய குறை, அவன் பிறந்த கிரிப்டான் கிரகத்தில் பெற்றவர்கள் அனுப்பிய செய்தியின் பின்பாதி பூமியை ஆளச் சொல்கிறது என்று கதையைத் திருப்பியது. பூமியில் அவனை வளர்த்த கென்ட் தம்பதியின் பெருமையை உயர்த்தப் பெற்றவர்களைத் தாழ்த்தியிருக்க வேண்டியதில்லை. குழந்தையைக் காப்பாற்ற விண்கலத்தில் ஏற்றிவிட்ட அந்தத் தாய் தந்தையின் துயரம் பல பத்தாண்டுகளாக ரசிகர் மனதில் இருப்பது. அதில் கைவைத்தது தவறு.

அதற்குப் பிறகும், கேவிலின் ரசிகர்கள் உட்பட, பலர் இவனை உள்ளே விட்டுவிட்டார்கள். 1978 படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த இசைத் துணுக்கு கிதாரில் ஒலிக்கும்போதே பாதிக் கதவு திறந்துவிடுகிறது.

படத்தில் சில நொடிகள் தோன்றும் தொலைக்காட்சி நிருபரையும் கவனியுங்கள். அவர் வில் ரீவ், கிறிஸ்டோபர் ரீவின் மகன். நிஜத்திலும் தொலைக்காட்சிச் செய்தியாளர். 2004 அக்டோபரில் தந்தை இறந்தபோது அவருக்கு வயது 12. புதுப்படத்தைப் பார்த்துவிட்டு, 1978 படத்தையும் வீட்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். லோயிஸ் வீட்டு வரவேற்பறைக் காட்சி வரும்போது எழுந்து போய்விடாதீர்கள்.