கடுகு பூசிய கோடரி

செருப்பைக் கழற்றிவிடாதீர்கள். நான் நம் ஊர்ப் பழக்கத்தில் வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தேன். இரண்டாவது அடியில் இரும்புத்தூள் உள்ளங்காலைப் பதம் பார்த்துவிட்டது. "இது வீடு இல்லை, பட்டறை. ஷூவோடயே வாங்க" என்று பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். எனக்கோ வலியை மீறிய குஷி. பின்னே? இந்த கேரேஜுக்குள் நுழைய அக்கா ஆறு வருடமாக முயன்று பார்த்துவிட்டாள், நடக்கவில்லை. வந்த நாலாவது நாளே எனக்குக் கதவு திறந்துவிட்டது. ஒரு டப்பா முறுக்கு செய்த வேலை.

பென்சில்வேனியாவின் வடமேற்கு மூலை, அலகேனி ஆற்றங்கரை, அக்கா வீட்டுக்கு மூன்றாவது வீடு. கேரேஜ் என்று பேர், ஆனால் கார் வெளியே வெயிலில் காய்கிறது. உள்ளே காபி டப்பாக்களில் ஆணி, ஐஸ்க்ரீம் டப்பாக்களில் திருகாணி, ஒற்றை இறக்கையோடு ஒரு ஃபேன், எப்போதோ கிழிப்பதை நிறுத்திவிட்ட காலண்டர். ஜன்னலோரம் நாலு ஊறுகாய் ஜாடிகள். எட்டிப் பார்க்கிறேன். மூன்றில் வெள்ளரிக்காய். நாலாவதில் கோடரி!

டோமஹாக்கின் தலை அது. வர்ஜீனியாப் பக்கத்து அல்கோன்கியன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். இவர்கள் செல்லமாக 'ஹாக்' என்கிறார்கள். நம் விறகுக் கோடரியை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். இது ஒரு கையால் வீசுகிற குட்டி. காம்பு இரண்டடிகூட இல்லை. கடையில் வாங்கியபோது தலை முழுக்கக் கறுப்பு பெயின்ட், காம்பு முழுக்கப் பளபள வார்னிஷ். பக்கத்தில் படுத்திருக்கும் கத்தி வேறொரு கடையில், சமையல் சாமான் வரிசையில் வாங்கிய கறி வெட்டும் கத்தி. இந்த இரண்டையும் பார்த்தால் ஒரே கொல்லன் ஒரே நாளில் அடித்த அண்ணன் தம்பி என்று சொல்லவேண்டும், அதுவும் இருநூறு வருடத்துக்கு முன்னால். இதுதான் அவர் திட்டம்.

எதற்கு? ரான்டெவூவுக்கு! 1825 முதல் 1840 வரை ராக்கி மலைப் பக்கத்தில், பீவர் தோலுக்காகக் காடு காடாகத் திரிந்த வேட்டைக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடி, தோலைக் கொடுத்துத் துப்பாக்கி மருந்தும் சாராயமும் வாங்கிக்கொண்டு போன சந்தை அது. அந்தக் காலத்து உடுப்பில் கூடாரம் போட்டு அதை நடித்துப் பார்க்கிற கூட்டம் இன்றைக்கும் உண்டு. அங்கே கத்தியும் ஹாக்கும் எறிகிற போட்டி நடக்கும். மரக்கட்டையில் ஒரு சீட்டைக் குத்திவைப்பார்கள், அதை வெட்டவேண்டும். "எல்லாரும் ஜோடி போட்டு வருவாங்க. போன வருஷம் என் கத்தியைப் பார்த்துட்டு ஒருத்தன், என்ன, சமையலறையிலேருந்து திருடிட்டு வந்தியான்னு கேட்டான்" என்கிறார் பெரியவர். "திருடினதுதானே?" உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல். "அது என் கத்தி." இந்த வருடம் புதுக் கத்தி வந்த ரகசியம் இப்போது புரிகிறதா?

ஜாடியிலிருந்து தலையைத் தூக்குகிறார். முந்தாநாளே பெயின்ட்டை உரித்து, ராத்திரி முழுக்க வினிகரில் போட்டுவைத்தது. மேலே கன்னங்கரேலென்று ஒரு சேறு. கந்தையால் துடைத்ததும் அடியில் மழைமேக நிறம். கத்தியின் அலகும் அதே ஜாடியில், அதே நேரம் குளித்ததுதான். கைப்பிடி நனையாமல் இருக்க, அதை ஜாடியின் வாயில் இரண்டு சீனச் சாப்பாட்டுக் குச்சிகளுக்கு நடுவே தொங்கவிட்டிருந்தாராம்.

அடுத்தது கடுகு. நிஜமாகவே கடுகு, ஹாட்டாகில் போடுகிற மஞ்சள் விழுது! அவர் மனைவி காது குடையும் பஞ்சுக்குச்சியோடு வந்து உட்கார்ந்து, கோடரியிலும் கத்தியிலும் புள்ளி வைக்கிறார். வாசலில் கோலப்புள்ளி வைக்கிற அதே கவனம், அதே நாக்கு நுனி உதட்டோரத்தில். "அவர் வெச்சா அம்மை போட்ட மாதிரி இருக்கும்" என்று என்னிடம் கிசுகிசுக்கிறார். கடுகு காய்ந்ததும் கழுவினால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கறுப்பாக ஒரு வளையம். அவரும் நானும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றோம்.

ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது, சொல்லவும் செய்தேன். என் பாட்டியின் அரிவாள்மனை இதைவிடக் கறுப்பு. வினிகரும் கிடையாது, கடுகும் கிடையாது. நாற்பது வருடம் வாழைக்காயும் வாழைப்பூவும் நறுக்கிய கறை. பெரியவர் கையிலிருந்த கந்தையைக் கீழே வைத்துவிட்டார். "வாழைக்காயா? பழமில்லை, காய்?" என்று இரண்டு தடவை கேட்டு, சுவரிலேயே பென்சிலால் எழுதிக்கொண்டார். அவர் குறிப்பேடு சுவர்தான்.

இதற்குள் ஒரு சட்டி நிறைய டீ வந்தது. பால் இல்லாமல், கறுத்துப்போய். அமெரிக்காவில் கடைசியில் ஒருவர் சரியான டிக்காஷனில் டீ போட்டுவிட்டார் என்று நான் கையை நீட்ட, பெரியவர் அதில் பிரஷ்ஷை முக்கினார்! டீ, கோடரிக் காம்புக்கும் கத்திப் பிடிக்கும். இரண்டுக்கும் ஹிக்கரி மரம்தான் பிடி. ஜோடி சேர்க்க அவர் பிடித்த முதல் சரடே அது. வார்னிஷ் எல்லாம் கண்ணாடித் துண்டால் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்துத் தயாராக இருக்கிறது. அப்பப்பா, அந்தச் சுரண்டலில் நானும் கால்மணி நேரம் மாட்டினேன். தோள்பட்டை இன்னும் பேசுகிறது. டீ காய்ந்ததும், வினிகரில் இரும்பு நாரைக் கரைத்துவைத்த தண்ணீரை மேலே தடவுகிறார். வெள்ளை மரம் கண்ணெதிரே கறுக்கிறது. மந்திரமில்லை. டீயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கலம்காரித் துணியில் கடுக்காயும், வெல்லத்தண்ணீரில் ஊறிய துருவும் சேர்ந்து வருகிறதே, அதே கறுப்பு. நம்ம ஊர்ச் சரக்கைப் பார்த்ததுபோல எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கறுப்பு காய்கிற நேரம் கதை நேரம். 1804-05 குளிர்காலத்தில் அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ்-கிளார்க் பயணக் குழு மண்டன் பழங்குடி மக்களின் ஊர்ப் பக்கம் தங்கியபோது, குழுவின் கொல்லர் ஜான் ஷீல்ட்ஸ் சண்டைக் கோடரிகள் அடித்துக் கொடுத்துப் பதிலுக்கு மக்காச்சோளம் வாங்கினாராம். குழு பட்டினி கிடக்காமல் தப்பியதில் அந்தக் கோடரிகளுக்குப் பெரிய பங்கு. "நீங்க முறுக்கு கொடுத்தீங்க இல்லையா, அந்த மாதிரி வியாபாரம்" என்கிறார்.

இன்னொரு கதையை ஜன்னல் வழியாக ஆற்றைக் காட்டிக்கொண்டே சொன்னார். செனகா பழங்குடி மக்களின் தலைவர் கார்ன்பிளாண்டர் வாழ்ந்த கரை இதுதான். ஒரு முனை கோடரி, மறுமுனை புகைக்குழாய் என்று இருக்கும் பைப் டோமஹாக் ஒன்றை 1792-ல் ஜார்ஜ் வாஷிங்டன் அவருக்குப் பரிசாகக் கொடுத்தார் என்கிறார்கள். அது ஆல்பனி அருங்காட்சியகத்திலிருந்து 1950-க்கு முன்பே திருட்டுப்போய், 2018-ல் திரும்பி வந்தது. கார்ன்பிளாண்டருக்குக் கொடுத்த நிலம் மட்டும் திரும்பவில்லை. 1965-ல் முடிந்த கின்ஸுவா அணையின் தண்ணீருக்கு அடியில் பெரும்பகுதி போய்விட்டது. இதைச் சொன்னபிறகு பெரியவர் கொஞ்ச நேரம் காம்பையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

தலையைக் காம்பில் ஏற்றுவது ஒரு கூத்து. மேலேயிருந்து செருகி ஆப்பு அடிப்பதில்லை; பிக்காசு மாதிரி, கீழ்முனை வழியாக விட்டு மேலே இழுக்கவேண்டும். மேல்பக்கம் தடிமனானதால் இறுகிக்கொள்ளும். தலை பாதி வழியில் கோணலாக நின்றது. இறக்கினார், ராவினார், ஏற்றினார், நின்றது. ஐந்தாவது தடவை, அச்சில் ஏற்றமுடியாத ஒரு வார்த்தையோடு சேர்ந்து போய் உட்கார்ந்தது.

அப்புறம் ஆளி விதை எண்ணெய். துடைத்த கந்தைகளை அவர் மனைவி வேலியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட்டார். சுருட்டி மூலையில் எறிந்தால் தானே சூடேறித் தீப்பிடித்துவிடுமாம். வீட்டுக் கொடியில் ஜட்டி காய்வதுபோல அந்தக் கந்தைகள் காய்வதை எந்த ரான்டெவூக்காரனும் பார்க்கப்போவதில்லை. நாம் பார்த்துவிட்டோம்!

கடைசி ஒப்பனை, இரண்டு பிடிக்கும் ஒரே மாதிரி பச்சைத்தோல் வார். ஈரத்தோடு இறுக்கிச் சுற்றினால், காயக் காயச் சுருங்கி உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும். தோல் எங்கே வாங்கினீர்கள் என்று பவ்யமாகக் கேட்டேன். எருமை, மான், ஏதாவது பழங்குடிச் சந்தை என்று எதிர்பார்த்து. பெரியவர் காது சிவந்தது. பதிலை வாளியில் காட்டினார்: நாய் கடிக்கிற தோல் எலும்பு, தண்ணீரில் ஊறிப் பிரிந்துகொண்டிருந்தது. மூன்று வாங்கினாராம். ஒன்று ஏற்கெனவே காணோம்.

ஜோடி இப்போது சுவரில் இரண்டு ஆணிகளில் தொங்கிக் காய்கிறது. கறுத்த பிடி, புள்ளி விழுந்த இரும்பு, வெளுத்த வார். எனக்குச் சத்தியமாக அண்ணன் தம்பிதான். அதற்கு நேர் கீழே, மத்தியானத்திலிருந்து இடத்தைவிட்டு நகராமல், கழுத்தை அண்ணாந்து வாரையே பார்த்தபடி எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கிறது அவர்கள் வீட்டு நாய்.