நந்திதுர்க் பள்ளிக்கூடமும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும்

நந்திதுர்க் என்றதும் பெங்களூர்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணம் போகும் நந்தி மலைதான் ஞாபகத்துக்கு வரும். இது அந்த நந்திதுர்க் அல்ல. கோலார் தங்கவயலில், உரிகத்தை ஒட்டி இருந்த தங்கச் சுரங்கத்தின் பெயர் இது. மைசூர் மைன், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க் ஆகிய நான்கும் தங்கவயலின் பெரிய சுரங்கங்கள். லாபம் பார்த்தது லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி. பள்ளத்தில் இறங்கியது நம்மவர்கள்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், திருப்பத்தூர், சேலம், சித்தூர் பக்கமிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். பெரும்பாலோர் ஆதிதிராவிடர். ஊரில் பண்ணையாரிடம் படி நெல்லுக்கு மாரடித்தவர்கள். சுரங்கத்திலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லைதான். பாறை வெடித்துச் செத்தவர் உண்டு. கல் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்து இருமி இருமியே போனவர் உண்டு. ஆனால் கையில் ரொக்கமாகக் காசு வந்தது. யார் வீட்டு வாசலிலும் துண்டை இடுப்பில் கட்டி நிற்க வேண்டியதில்லை. அதற்காகவே ஊர் திரும்பாதவர்கள் பலர்.

யாருக்காகத் திறந்த பள்ளி?

1901-ல் நந்திதுர்க் சுரங்கப் பகுதியில் ஓர் ஆங்கிலப் பள்ளியை ஜான் டெய்லர் கம்பெனியே தொடங்கியது. தங்கவயலின் முதல் ஆங்கிலப் பள்ளி அதுதான். சேர்ந்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகள். பின்னாளில் கோலார் தங்கவயல் ஆண்கள் பள்ளி என்று பெயர் பெற்று, சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை வரை அது வளர்ந்தது.

மூன்று வருடம் கழித்து, 1904 ஜனவரி 15-ந் தேதி, பிரான்ஸ் நாட்டு தார்ப் நகரின் பெயர் தாங்கிய செயின்ட் ஜோசப் சபைக் கன்னியர்கள் பெண்களுக்கு ஓர் ஆங்கிலப் பள்ளியைத் திறந்தார்கள். அன்று இருந்த மாணவிகள் 22 பேர். அவர்களும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்களே.

1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூர் தெருக்களுக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகுதான். தங்கம் தோண்டும் இயந்திரத்துக்கு முதலில் கிடைத்த வெளிச்சம், தோண்டுகிறவன் பிள்ளையின் பலகைக்கு எட்டக் கொஞ்ச காலம் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

படிக்க அனுப்புவதென்றால் சும்மா அல்ல. பையன் வேலைக்குப் போனால் வாரம் முடிந்ததும் நாலு காசு வரும். பள்ளிக்குப் போனால் அந்தக் காசும் போய், பலகை, சட்டை, சம்பளம் என்று செலவு வேறு சேரும். லைன் வீட்டில் கடனுக்குக் குறைவில்லை. இந்தக் கணக்கில் அன்றைக்குத் தோற்றது பெரும்பாலும் படிப்புதான்.

படிப்பில்லாதவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது 1930-ல் தெரிந்தது. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தது. குற்றவாளிகளைப் போல நடத்துகிறார்கள் என்று தங்கவயலே வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

சேரிப் பள்ளி போட்ட அஸ்திவாரம்

ஆனால் எழுத்து வாசனை இல்லாமலே எல்லோரும் இங்கு வந்தார்கள் என்று நினைக்கக் கூடாது. வட ஆற்காட்டில் அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853 முதல் வேலை செய்து வந்தது. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் வைத்தியம் தொடங்கியதும் அந்த மிஷன் வழியாகத்தான். ஊர்ப் பள்ளியில் திண்ணை ஏற முடியாத பிள்ளைகள் மிஷன் பள்ளியில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பைபிள் வாசிக்கத்தான் முதலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் படிக்கத் தெரிந்தவன் கம்பெனிச் சீட்டையும் படிப்பான், சாவுகாரின் கடன் பத்திரத்தையும் படிப்பான்.

படிப்புக்குப் பாதை ஒன்றுதான் என்று சொன்னாலும் தவறு. அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1907-ல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகைக்குத் தங்கவயல் தொழிலாளர்கள் பெரிய பலம். பின்னாளில் அவருடைய நூல்களை இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. சிலுவையைத் தேடிப் போனவரும் புத்தரைத் தேடிப் போனவரும் அடுத்தடுத்த லைன் வீட்டுக்காரர்களே. இருவருக்கும் வேண்டியிருந்தது படிப்பும் மரியாதையும்.

பிறகு ராபர்ட்சன்பேட்டையில் செயின்ட் தெரசா, கோரமண்டலில் செயின்ட் செபாஸ்டியன் என்று பள்ளிகள் பெருகின. வெள்ளைக்காரர் போகப் போக, ஒரு காலத்தில் அவர்கள் பிள்ளைகளுக்கென்றே இருந்த பள்ளிகளின் கதவும் நம் பிள்ளைகளுக்குத் திறந்தது. 1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன; 1962-ல் மத்திய அரசுக்குப் போயின; 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆயிற்று. 1964-ல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனம் தங்கவயலில் தொழிற்சாலை வைத்தபோது படித்த பையன்களுக்குச் சுரங்கம் தவிர இன்னொரு வாசல் கிடைத்தது. அப்பா ஷாப்டில் இறங்கினார், மகன் குமாஸ்தா, மகள் நர்ஸ் அல்லது டீச்சர் என்றால் தங்கவயலில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

2001-க்குப் பின்

2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. 120 வருடங்களில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த பூமி அது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். மிஞ்சியது சயனைட் மண் மலையும் லைன் வீடும். காற்றடித்தால் அந்த மண் சோற்றுத் தட்டு வரை வரும்.

அன்று முதல் தங்கவயலின் பிழைப்பு ரெயிலில் நடக்கிறது. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போகும் வண்டிகளில் விடியுமுன்பே கூட்டம் நெரிகிறது. கைக்கு ஒரு சர்ட்டிபிகேட்டும் வாய்க்கு நாலு வார்த்தை இங்கிலீஷும் உள்ளவர் ஆபீசுக்குப் போகிறார். அது இல்லாதவர் கட்டட வேலைக்கும் காவல் வேலைக்கும் போகிறார். ஒரே பெட்டி, ஒரே சீசன் டிக்கெட். சம்பளம் மட்டும் வேறு. தங்கவயலில் பள்ளிக்கூடத்தின் மதிப்பு சுரங்கம் மூடிய பிறகுதான் காசுக் கணக்காகத் தெரிகிறது.

இன்னொரு கணக்கு தீராமல் கிடக்கிறது. 1950-ம் ஆண்டின் ஜனாதிபதி உத்தரவுப்படி தாழ்த்தப்பட்டோர் பட்டியல் இந்துக்களுக்கு உரியது. சீக்கியர்கள் 1956-லும் பௌத்தர்கள் 1990-லும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. மாரிக்குப்பத்து பௌத்தரின் பேரனுக்கு உண்டு. அடுத்த வீட்டு கிறிஸ்தவரின் பேரனுக்கு இல்லை. தாத்தாக்கள் இருவரும் ஒரே கூண்டில் சுரங்கத்தில் இறங்கியவர்களாக இருக்கலாம்!

சென்னையில் செருப்பு தைக்கும் ஓர் ஆதிதிராவிட கிறிஸ்தவர், இந்து தொழிலாளிக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் அவருக்குப் பாதகமாகத் தீர்ப்பானது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தப் பட்டியலுக்கும் மதத்துக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்கச் சொன்னது. 2022 அக்டோபரில் மத்திய அரசு இதை ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைத்தது.

தங்கவயல் சட்டசபைத் தொகுதி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மிஷன் பள்ளியில் படித்து, ஞானஸ்நானம் பெற்ற வீட்டுப் பிள்ளை அங்கே ஓட்டுப் போடலாம். வேட்பாளராக நிற்க முடியாது.