அமெரிக்கக் குடியரசுத் தலைவரும் காங்கிரசுக் குழுக்களும்

ஐக்கிய அமெரிக்காவின் சட்டமன்றமான காங்கிரசு, செனட், பிரதிநிதிகள் அவை என இரு அவைகளைக் கொண்டது. இவற்றின் பணி பெரும்பாலும் நிதி, நீதி, வெளியுறவு எனத் துறைவாரியாக அமைந்த குழுக்களிலேயே நடைபெறுகிறது. அரசியலமைப்பு இக்குழுக்களைப் பற்றி எதுவும் கூறவில்லை. ஒவ்வோர் அவையும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையின் கீழ் அவை அமைக்கப்படுகின்றன. குழுத் தலைவர்களை நியமிக்கவோ நீக்கவோ குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் இல்லை. ஆயினும் அவருடைய திட்டங்கள் பல இக்குழுக்களைக் கடந்தே நிறைவேற வேண்டும்.

சட்டமும் நிதியும்

குடியரசுத் தலைவர் காங்கிரசின் உறுப்பினர் அல்லர். எனவே அவர் விரும்பும் சட்ட முன்வரைவை உறுப்பினர் ஒருவரே அவையில் அறிமுகப்படுத்த வேண்டும். அதன்பின் அது உரிய குழுவுக்குச் செல்லும். குழு அதைத் திருத்தலாம். எடுத்துக்கொள்ளாமல் கிடப்பிலும் போடலாம். 1921 ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தை அனுப்புகிறார். எனினும் பணம் ஒதுக்கும் சட்டங்களை ஒதுக்கீட்டுக் குழுக்களே உருவாக்குகின்றன. நிறைவேறிய சட்டத்தைக் குடியரசுத் தலைவர் வீட்டோ மூலம் தடுக்கலாம். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தால் அத்தடை நீங்கும்.

நியமனங்கள்

உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் நியமனத்துக்குச் செனட்டின் ஒப்புதல் தேவை. 2016 மார்ச்சில் பராக் ஒபாமா மெரிக் கார்லண்டைப் பரிந்துரைத்தார். குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த செனட் நீதித்துறைக் குழு விசாரணையே நடத்தவில்லை. வாக்கெடுப்பு இன்றியே 2017 சனவரியில் அப்பரிந்துரை காலாவதியானது.

விசாரணைகள்

குழுக்கள் சாட்சிகளை அழைத்து ஆவணங்களைக் கோரலாம். வாட்டர்கேட் விவகாரத்தில் செனட் சிறப்புக் குழு 1973 இல் விசாரித்தபோது, வெள்ளை மாளிகை உரையாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்பட்டது வெளிப்பட்டது. ரிச்சர்ட் நிக்சன் பதிவுகளைத் தர மறுத்தார். குழு தொடுத்த வழக்கு தோற்றது. ஆனால் சிறப்பு அரசு வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், பதிவுகளை ஒப்படைக்குமாறு உச்ச நீதிமன்றம் 1974 சூலையில் உத்தரவிட்டது. அம்மாதமே பிரதிநிதிகள் அவையின் நீதித்துறைக் குழு மூன்று பதவிநீக்கக் குற்றச்சாட்டுகளை ஏற்றது. அவை வாக்களிக்கும் முன்பே, ஆகத்து 9 அன்று நிக்சன் பதவி விலகினார்.

பொதுவாக, குடியரசுத் தலைவர் குழுக்களின் முன் தாமே தோன்றுவதில்லை; அமைச்சர்களும் அதிகாரிகளுமே விடையளிப்பர். நிக்சனுக்குப் பொதுமன்னிப்பு வழங்கிய செரால்டு போர்டு, அதற்கு விளக்கம் தர 1974 அக்டோபர் 17 அன்று நீதித்துறைத் துணைக்குழு முன் நேரில் தோன்றியது அரிய விதிவிலக்காகும்.