கற்பிட்டிக் கடலின் அடியில்

கற்பிட்டிக்குப் போகிறவர்கள் ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவ்வூரின் பெருஞ்சொத்து கரையில் இல்லை. எஞ்சின் படகேறி மேற்கே போனால், கடலடியில் பார் ரீப் எனும் முருகைக்கற்பாறைத் தொடர் இருக்கிறது. சுமார் 306 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இது 1992இல் சரணாலயமாக்கப்பட்டது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். அப்போதுதான் சுழியோட முடியும்.

முருகைக்கல்லைக் கல் என்கிறோம். உண்மையில் அது சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பால் கட்டிய வீடு. அவற்றின் உடலில் வாழும் நுண்பாசியே அவற்றுக்கு உணவும் நிறமும் தருகிறது. கடல்நீர் ஓரிரு பாகை கூடுதலாகச் சூடேறி, அந்நிலை சில வாரங்கள் நீடித்தாலே போதும், பாசி நீங்கி முருகை வெளிறிவிடும். 1998இல் இங்கே ஆழங்குறைந்த இடங்களில் பெரும்பகுதி இவ்வாறு மடிந்தது. மெல்லத் தளிர்த்தது, 2016இல் மீண்டும் அடிபட்டது. இந்நிலையில் நங்கூரத்தை அதன்மேல் எறிவதும், காற்துடுப்பால் உதைப்பதும் எவ்வளவு பெரிய அநியாயம்!

இனிச் சுழியோடுவதைப் பார்ப்போம். முதுகிலுள்ள சிலிண்டரில் ஒட்சிசன் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இருப்பது அமுக்கி அடைத்த சாதாரணக் காற்றே. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரு மடங்காகும். அங்கே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் காற்று இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகவே மூச்சை அடக்கவே கூடாது.

மற்றொன்று நைதரசன். ஆழத்தில் அது இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தால் என்ன நடக்கிறது? விரைந்து மேலெழுபவன் உடலிலும் அவ்வாறே குமிழிகள் கிளம்பும். மூட்டு வலிக்கும், முள்ளந்தண்டைத் தாக்கினால் கால்கள் செயலிழக்கும். பயிற்சி பெற்றவர்கள் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் எழுந்து, 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து வருவது இதற்காகத்தான்.

உல்லாசப் பயணிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆளுண்டு. சங்கும் கடலட்டையும் எடுக்க இறங்கும் நம் பிள்ளைகளுக்கு? உங்கள் மகன் அத்தொழிலுக்குப் போகிறானென்றால், நாளொன்றுக்கு எத்தனை சிலிண்டர், எவ்வளவு ஆழம், இடையில் எவ்வளவு ஓய்வு என்று இன்றே கேளுங்கள். கடலிலிருந்து வந்தபின் மரத்துப்போகிறது, வலிக்கிறது என்றால் எண்ணெய் தடவிப் படுக்கவைக்காதீர்கள். தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்று, சுழியோடி வந்தவன் என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். ஒட்சிசன் உடனே கொடுக்கப்பட வேண்டும்.